நேப்பர்வில்: பாதைகள் வளர்த்த ஒரு புறநகரின் வரலாறு

நேப்பர்வில், அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில், சிகாகோ நகரின் மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஒரு புறநகர். டூபேஜ், வில் ஆகிய இரண்டு கவுண்டிகளில் பரந்து கிடக்கிறது. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்துக்கு நிகரான ஆட்சிப் பிரிவு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 1,49,540 பேர் வாழ்ந்தனர். 1950இல் இதே ஊரின் மக்கள்தொகை 7,013 மட்டுமே. எழுபது ஆண்டுகளில் இருபது மடங்குக்கு மேற்பட்ட இந்தப் பெருக்கம் அமெரிக்கப் புறநகர்களின் வரலாற்றைக் கற்போரை ஈர்ப்பது இயல்பு. ஆனால் அதற்கு முன்பு, இதே ஊர் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வளராமல் கிடந்தது என்பதை வைத்துப் பார்த்தால்தான் இந்த வளர்ச்சியின் காரணம் விளங்கும். ஊர் வளர்ந்ததையும் தேங்கியதையும் பெரிதும் தீர்மானித்தவை அதன் வழியாகச் சென்ற பாதைகளும், செல்லாமல் விலகிப்போன பாதைகளும்தான்.

ஆற்றங்கரைக் குடியிருப்பு

டூபேஜ் ஆற்றின் மேற்குக் கிளை ஓடும் இந்தப் புல்வெளிப் பகுதி பொட்டவட்டமி மக்களின் நிலம். அவர்கள் ஆற்றையொட்டி ஊர்கள் அமைத்து, மக்காச்சோளம் பயிரிட்டும் வேட்டையாடியும் வாழ்ந்தனர். பிற்காலத்துச் சாலைகளில் பல அவர்களுடைய ஒற்றையடிப் பாதைகளின் தடத்திலேயே அமைந்தன.

1831ஆம் ஆண்டு கோடையில் ஜோசப் நேப்பர் என்பவர் தம் சகோதரர் ஜானுடனும் வேறு சில குடும்பங்களுடனும் ஒகையோ மாநிலத்தின் ஆஷ்டபியூலாவிலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தார். நேப்பர் பேரேரிகளில் கப்பல் ஓட்டியவர். அவர்கள் ஏரிகளின் வழியே கப்பலில் சிகாகோவை அடைந்து, அங்கிருந்து வண்டிகளில் ஆற்றங்கரைக்கு வந்தனர். அப்போது சிகாகோவே ஒரு கோட்டையும் சில மர வீடுகளும் கொண்ட சிற்றூர்தான். வந்தவர்கள் அதே ஆண்டில் மரம் அறுக்கும் ஆலை ஒன்றையும், வணிகக் கடை ஒன்றையும், பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியையும் ஏற்படுத்தினர். ஊர் ‘நேப்பர் குடியிருப்பு’ என்று அழைக்கப்பட்டது.

மறு ஆண்டே போர் வந்தது. 1832 ஏப்ரலில் சாக் இனத் தலைவர் பிளாக் ஹாக், தம் மக்கள் இழந்த நிலத்துக்குத் திரும்பும் நோக்கத்தோடு, பெண்கள், குழந்தைகள் உட்பட ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இலினொய்க்குள் வந்தார். அதைத் தொடர்ந்து மூண்ட மோதல்களின்போது, குடியேறியவர்களைப் பொட்டவட்டமி மக்களில் நட்புடன் இருந்தவர்களே எச்சரித்தனர். நேப்பர் குடியிருப்பினர் சிகாகோவில் இருந்த டியர்போர்ன் கோட்டைக்குத் தப்பியோடினர். பின்பு ஆண்கள் திரும்பி வந்து, மரக்கட்டைகளால் ஃபோர்ட் பெயின் என்ற சிறு கோட்டையைக் கட்டினர். ஆகஸ்டில் போர் முடிந்தது.

போரில் பொட்டவட்டமி மக்களில் பெரும்பாலோர் பிளாக் ஹாக்குடன் சேரவில்லை. ஆனாலும் விளைவு அவர்கள் மீதே விழுந்தது. 1833ஆம் ஆண்டுச் சிகாகோ ஒப்பந்தத்தின் மூலம் அவர்கள் மிச்சிகன் ஏரிக்கு மேற்கே எஞ்சியிருந்த தங்கள் நிலத்தைக் கைவிட்டு, மிசிசிப்பிக்கு அப்பால் செல்ல நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் டூபேஜ் ஆற்றங்கரையில் அவர்களுடைய ஊர்கள் இல்லாமல் போயின. இன்று அவர்களின் தலைவர்களுடைய பெயர்கள் பள்ளிகளில் நிலைத்துள்ளன. நேப்பர்வில் மாணவர்கள் பலர் பயிலும் வபான்சி வேலி, மெட்டியா வேலி ஆகிய உயர்நிலைப் பள்ளிகள் இரண்டும் பொட்டவட்டமி தலைவர்களின் பெயரைத் தாங்கியவை. வெளியேற்றப்பட்டவர்களின் பெயரை வெளியேற்றியவர்களின் ஊர் விரும்பிச் சூட்டிக்கொள்வது அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியெங்கும் காணும் வழக்கம்.

விலகிப்போன இரயில்

1834இல் ஊரின் நடுவே ‘பிரீ-எம்ப்ஷன் ஹவுஸ்’ என்ற விடுதி எழுந்தது. அரசு நிலத்தில் முன்கூட்டியே குடியேறிப் பயிர் செய்தவருக்கு, அந்த நிலத்தை ஏலத்துக்கு முன்பே குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை உண்டு என்பது அக்காலச் சட்டம். அந்த முன்னுரிமையின் பெயரே விடுதியின் பெயராயிற்று. சிகாகோவிலிருந்து மேற்கே செல்லும் குதிரை வண்டிகள் இங்கு நின்றன. பயணிகள் உண்டனர், உறங்கினர், நிலம் வாங்கினர், வழக்காடினர். 1839இல் குக் கவுண்டியிலிருந்து டூபேஜ் கவுண்டி பிரிக்கப்பட்டபோது, நேப்பரின் ஊரே அதன் தலைமையிடமாயிற்று. ஜோசப் நேப்பர் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கு அவருடன் பணியாற்றிய உறுப்பினர்களுள் இளம் வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர்.

1840களின் இறுதியில் ஊரின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சிகாகோவிலிருந்து மேற்கே நீளத் தொடங்கியிருந்த கலேனா அண்டு சிகாகோ யூனியன் இரயில் பாதை. மற்றொன்று, பலகைச் சாலை. பலகைச் சாலை என்பது, சேறான மண் வழியில் நீளவாக்கில் மரச்சட்டங்களைப் பதித்து, அவற்றின் மேல் கனமான பலகைகளைக் குறுக்கே அடுக்கி அமைப்பது. வண்டிக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவார்கள். வசந்த காலத்தில் வண்டிகள் அச்சளவு சேற்றில் புதையும் இலினொய் புல்வெளியில் அது பெரிய வசதியாகவே தோன்றியது. நேப்பர்வில்லின் செல்வர்கள் பலர் இச்சாலையில் பணம் போட்டிருந்தனர். போட்டியாக வரும் இரயிலுக்கு ஊர் வழிவிடவில்லை.

வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் நிலம் வைத்திருந்த வீட்டன் சகோதரர்கள் தங்கள் நிலத்தின் வழியே இரயில் செல்ல இலவசமாக இடம் கொடுத்தனர். 1849இல் இரயில் அந்த வழியாக ஓடியது. வீட்டன் என்ற ஊர் பிறந்தது. பலகைச் சாலையின் பலகைகளோ சில ஆண்டுகளிலேயே உளுத்துப் போயின. புதுப்பிக்கச் சுங்க வருமானம் போதவில்லை.

இதன் தொடர்ச்சியாக நிகழ்ந்தது இன்றும் அவ்விரு ஊராரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. கவுண்டித் தலைமையிடம் இரயில் உள்ள ஊரில்தான் இருக்க வேண்டும் என்று வீட்டன் மக்கள் வாதிட்டு, 1867இல் நடந்த வாக்கெடுப்பில் சிறு வித்தியாசத்தில் வென்றனர். முடிவை ஏற்க நேப்பர்வில் மறுத்தது. பத்திரங்களையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கவில்லை. 1868இல் ஓர் இரவு வீட்டனிலிருந்து ஒரு கூட்டம் வண்டிகளுடன் வந்து நீதிமன்றக் கட்டடத்தில் புகுந்து, கைக்குக் கிடைத்த ஏடுகளை அள்ளிச் சென்றது. எஞ்சியவற்றையாவது பாதுகாப்போம் என்று அவற்றைச் சிகாகோவுக்கு அனுப்பி வைத்தார்கள். 1871 அக்டோபரில் சிகாகோவையே எரித்த பெருந்தீயில் அவை சாம்பலாயின. டூபேஜ் கவுண்டியின் தொடக்ககால நில வரலாற்றில் இன்றுள்ள இடைவெளிகளுக்கு இந்தப் பகைமையும் ஒரு காரணம்.

நேப்பர்வில்லுக்கும் 1864இல் இரயில் வந்துவிட்டது. சிகாகோ, பர்லிங்டன் அண்டு குவின்சி நிறுவனத்தின் பாதை அது. ஆனால் பதினைந்து ஆண்டுத் தாமதத்தின் விலையை ஊர் நெடுங்காலம் கொடுத்தது. 1857இல் முறையான கிராம ஆட்சி ஏற்பட்டபோது, அதன் முதல் தலைவர் ஜோசப் நேப்பர். மக்கள்தொகை ஏறத்தாழ 2,600. 1890இல் அது நகரமாக உயர்த்தப்பட்டது. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் மக்கள்தொகை கிட்டத்தட்ட அதே 2,600தான். அந்தக் காலத்தில் சிகாகோ பத்து இலட்சத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

ஜெர்மன் மொழியும் சோஃபா தொழிற்சாலையும்

தேங்கிய ஊர் என்றாலும் உயிரற்ற ஊர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பென்சில்வேனியாவிலிருந்தும் ஜெர்மன் நாட்டுப் பகுதிகளிலிருந்தும் வந்த ஜெர்மன் மொழியினர் ஊரின் முகத்தை மாற்றினர். தேவாலயங்களில் ஜெர்மன் மொழியில் வழிபாடு நடந்தது. 1870இல் பிளெயின்ஃபீல்டிலிருந்து இங்கு இடம் பெயர்ந்த நார்த்-வெஸ்டர்ன் கல்லூரியும் ஜெர்மன் வேர்களைக் கொண்ட இவாஞ்சலிக்கல் திருச்சபையினருடையது. இன்றைய நார்த் சென்ட்ரல் கல்லூரி அதுதான். ஸ்டெங்கர் குடும்பத்தினர் நடத்திய மதுவடிப்பாலையில் சில காலம் மேற்பார்வையாளராக இருந்த அடால்ஃப் கூர்ஸ், பின்பு கொலராடோ சென்று தம் பெயரிலேயே புகழ்பெற்ற பீர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆற்றோரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருந்தன. தீயில் அழிந்த சிகாகோவை மீண்டும் கட்ட இங்கிருந்து கல் சென்றது.

ஊரின் பெரிய தொழிற்சாலை 1887இல் தொடங்கியது. சாய்விருக்கைகள் செய்த அந்தச் சிறு நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்த பீட்டர் குரோலர் பின்பு அதன் உரிமையாளரானார். இருக்கையாகவும் படுக்கையாகவும் மாறும் சோஃபாக்களால் குரோலர் நிறுவனம் நாடெங்கும் அறியப்பட்டது. உலகின் மிகப்பெரிய மெத்தையிருக்கைத் தயாரிப்பாளர் என்ற பெயரும் ஒரு காலத்தில் அதற்கு இருந்தது. இரயில் பாதையை ஒட்டிய அதன் செங்கல் கட்டடத்தில் ஊரின் குடும்பங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து ஒருவராவது வேலை பார்த்தனர் எனலாம். தொழிற்சாலையின் தொடக்கத்தில் பங்கு கொண்ட ஜேம்ஸ் நிக்கல்ஸ், வணிக வழிகாட்டி நூல் ஒன்றை எழுதி விற்றுச் செல்வம் சேர்த்தவர். நூலகம் கட்ட அவர் எழுதிவைத்த 10,000 டாலரில் 1898இல் நிக்கல்ஸ் நூலகம் திறக்கப்பட்டது.

1931இல் ஊருக்கு நூறு வயதானது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, கைவிடப்பட்ட கல் சுரங்கங்களை ஊர்மக்கள் பணம் திரட்டி வாங்கி, அவற்றில் நீர் நிரப்பி, மணற்கரையுடன் கூடிய பொது நீச்சலிடமாக மாற்றினர். ‘சென்டென்னியல் பீச்’ எனப்படும் அந்த இடம் இன்றும் கோடையில் நிரம்பி வழிகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, கல்லும் செங்கல்லும் விற்றுச் செழித்த குடும்பத்தின் வாரிசான கேரலைன் மார்ட்டின் மிச்செல் காலமானபோது, தம் மாளிகையையும் 212 ஏக்கர் நிலத்தையும் நகரத்துக்கு எழுதிவைத்திருந்தார். இன்று ஊரின் நடுவே உயர்நிலைப் பள்ளியும் விளையாட்டுத் திடல்களும் அருங்காட்சியகமும் அமைந்திருப்பது அந்த நிலத்தில்தான். நிலவிலை விண்ணை முட்டும் காலம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கொடை நிகழ்ந்துவிட்டது ஊரின் நற்பேறு.

1946 இரயில் விபத்து

1946 ஏப்ரல் 25, நண்பகல் கடந்த வேளை. சிகாகோவிலிருந்து மேற்கே புறப்பட்ட ‘அட்வான்ஸ் ஃபிளையர்’ என்ற விரைவு வண்டி, அடிப்பகுதியிலிருந்து ஏதோ பறந்து விழுந்ததாக ஊழியர் ஒருவர் கண்டதால், பரிசோதனைக்காக நேப்பர்வில்லில் எதிர்பாராமல் நின்றது. அதே பாதையில் ஒரு சில நிமிட இடைவெளியில் ‘எக்ஸ்பொசிஷன் ஃபிளையர்’ வந்துகொண்டிருந்தது. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 மைல். எச்சரிக்கைச் சமிக்ஞை இருந்தும் வண்டியை நிறுத்தப் போதிய தூரம் இருக்கவில்லை. நின்றிருந்த வண்டியின் கடைசிப் பெட்டிகளைப் பிளந்துகொண்டு அது மோதியது. 45 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

விபத்து நடந்த இடம் குரோலர் தொழிற்சாலையின் வாசலருகே இருந்தது. தொழிலாளர்கள் வேலையை விட்டு ஓடிவந்து, உடைந்த பெட்டிகளிலிருந்து மக்களை வெளியே எடுத்தனர். கல்லூரி மாணவர்கள் தூக்குப்படுக்கை சுமந்தனர். அப்போது ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர் அது.

இந்த விபத்தின் விளைவு நாடு முழுவதையும் தொட்டது. விசாரணைக்குப் பின், கூட்டாட்சி அரசின் போக்குவரத்து ஆணையம் புதிய விதி வகுத்தது. வண்டியைத் தானாக நிறுத்தும் அமைப்போ, ஓட்டுநர் அறையிலேயே சமிக்ஞை காட்டும் அமைப்போ இல்லாத பாதைகளில் பயணிகள் வண்டிகள் மணிக்கு 80 மைல் வேகத்தை எட்டக் கூடாது என்பது அதன் சாரம். இன்றும் அமெரிக்காவின் பெரும்பாலான பாதைகளில் பயணிகள் வண்டிகளின் உச்ச வேகம் 79 மைல் என்று இருப்பதன் மூலம் இதுவே. அமெரிக்க இரயில்கள் ஏன் மெதுவாகச் செல்கின்றன என்று கேட்போருக்குச் சொல்லப்படும் காரணங்களுள் நேப்பர்வில்லும் ஒன்று. விபத்தில் உதவியவர்களைப் போற்றும் சிற்பம் ஒன்று, பழைய இரயில் ஆணிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டு, 2014இல் நிலையத்தருகே நிறுவப்பட்டது.

சுங்கச்சாலையும் ஆய்வகங்களும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த பாதை ஊரை முற்றாக மாற்றியது. சிகாகோவிலிருந்து மேற்கே செல்லும் கிழக்கு-மேற்குச் சுங்கச்சாலை 1958இல் ஊரின் வடக்கு எல்லையை ஒட்டித் திறக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் இரயிலை மறுத்த ஊருக்கு இம்முறை பாதை தானாக வந்து சேர்ந்தது. சிகாகோவுக்கும் விமான நிலையங்களுக்கும் காரில் எளிதில் செல்ல முடிந்தது. சாலையோரம் பரந்த விளைநிலம் மலிவாகக் கிடைத்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆய்வகங்களை நெரிசலான நகரத்திலிருந்து வெளியே கொண்டுவர விரும்பிய காலமும் அதுவே.

1966இல் பெல் ஆய்வகம் ‘இந்தியன் ஹில்’ என்ற பெயரில் இங்கு ஒரு பெரிய வளாகத்தைத் திறந்தது. தொலைபேசி இணைப்பகங்களைக் கணினியால் இயக்கும் மின்னணு மாற்றமைப்புகள் இங்கு உருவாக்கப்பட்டன. அடுத்து எண்ணெய் நிறுவனமான அமோக்கோவின் ஆய்வு மையம் வந்தது. அருகிலேயே ஆர்கான் தேசிய ஆய்வகமும், 1967இல் தொடங்கிய ஃபெர்மி ஆய்வகமும் இருந்தன. சோஃபா தைத்த ஊருக்குப் பொறியாளர்களும் இயற்பியலாளர்களும் வேதியியலாளர்களும் குடும்பங்களுடன் வந்து இறங்கினர்.

அவர்களுக்கு வீடு வேண்டும். நிலக்கரியும் மரமும் விற்றுவந்த உள்ளூர்க்காரர் ஹரால்டு மோசர், 1950களில் சோள வயல்களை வாங்கி மனைகளாகப் பிரிக்கத் தொடங்கினார். அவர் உருவாக்கிய குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. ஊரார் அவரை ‘மிஸ்டர் நேப்பர்வில்’ என்றே அழைத்தனர். வளைந்து செல்லும் தெருக்கள், முன்புறம் புல்தரை, இரண்டு கார் நிறுத்தும் கொட்டகை, நடுவில் பூங்காவும் தொடக்கப்பள்ளியும் என்ற அமைப்பு, வயல் வயலாகத் தெற்கு நோக்கி நகர்ந்தது. 1960இல் 12,933 ஆக இருந்த மக்கள்தொகை 1980இல் 42 ஆயிரத்தைக் கடந்து, 1990இல் 85,351 ஆகவும், 2000இல் 1,28,358 ஆகவும் ஆனது. 1990களில் மட்டும் 43 ஆயிரம் பேர் கூடினர். அந்தப் பத்தாண்டில் ஆண்டுதோறும் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை, நேப்பர் காலம் முதல் நூறாண்டுகளில் ஊர் சேர்த்த மொத்த மக்கள்தொகைக்குச் சற்றுக் குறைவு.

இவ்வளவு வேகத்துக்கு ஊரின் அடிப்படை வசதிகள் ஈடுகொடுக்கத் திணறின. கிராமப்புறப் பள்ளிகளை இணைத்து 1972இல் உருவான இந்தியன் பிரைரி பள்ளி மாவட்டம், கட்டி முடிப்பதற்குள் நிரம்பும் பள்ளிகளுடன் போராடியது. ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கியதால், 1992 முதல் மிச்சிகன் ஏரி நீர் குழாய்வழி கொண்டுவரப்பட்டது. மழைநீரை உறிஞ்சிய வயல்கள் கூரைகளாகவும் தார்ச்சாலைகளாகவும் மாறியதன் விளைவு 1996 ஜூலையில் தெரிந்தது. பக்கத்து நகரான அரோராவில் ஒரே நாளில் ஏறத்தாழ 17 அங்குல மழை கொட்டியது. அது இலினொய் மாநிலத்தின் அன்றைய உச்ச அளவு. நேப்பர்வில்லின் புதிய குடியிருப்புகளின் நிலவறைகளிலும் வெள்ளம் புகுந்தது.

பழமையைக் காக்கும் பொதுவாழ்வு

வயல்கள் மறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ஊர் தன் பழமையைத் தேடத் தொடங்கியது. 1946இல் பிரீ-எம்ப்ஷன் ஹவுஸ் இடிக்கப்பட்டபோது தடுக்க எவரும் பெரிதாக முன்வரவில்லை. 1960களின் இறுதியில் பழைய எபிஸ்கோப்பல் தேவாலயம் ஒன்று இடிபடவிருந்தபோது நிலைமை வேறு. ஊர்மக்கள் பாரம்பரியச் சங்கம் ஒன்றை அமைத்து, அந்தக் கட்டடத்தை அப்படியே பெயர்த்து, மிச்செல் குடும்பம் கொடுத்த நிலத்தில் கொண்டுவந்து நிறுத்தினர். ‘நேப்பர் செட்டில்மென்ட்’ என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இப்படித் தொடங்கியது. கொல்லன் பட்டறை, அச்சகம், பள்ளி அறை என்று பல பழைய கட்டடங்கள் பின்னர் அங்கு வந்து சேர்ந்தன. 1990களில் அதன் வாசலில் எழுப்பப்பட்ட வரவேற்பு மையம் பிரீ-எம்ப்ஷன் ஹவுஸின் வடிவிலேயே கட்டப்பட்டது. இடித்ததைச் செலவிட்டு மீண்டும் கட்டினார்கள்.

1981இல் ஊரின் 150ஆம் ஆண்டையொட்டி, குப்பையும் வாகன நிறுத்தங்களுமாகக் கிடந்த ஆற்றங்கரையில் செங்கல் பாவிய நடைபாதை அமைக்கப்பட்டது. தன்னார்வலர்களின் உழைப்பும் நன்கொடையும் இல்லாமல் ‘ரிவர்வாக்’ உருவாகியிருக்காது. வீடு வாங்கி இரண்டு ஆண்டுகளே ஆன பொறியாளரும், ஐந்து தலைமுறையாக வாழும் விவசாயக் குடும்பத்தினரும் சேர்ந்து செங்கல் பதித்தது அங்குதான். இரயில் நிலையத்தருகே 1978இல் மூடப்பட்ட குரோலர் தொழிற்சாலைக் கட்டடம் இடிக்கப்படாமல், அடுக்ககமாகவும் கடைகளாகவும் மாற்றப்பட்டது. புத்தாயிரமாண்டை ஒட்டி 72 மணிகள் கொண்ட மணிக்கூண்டு ஆற்றங்கரையில் எழுந்தது. அதற்கு மோசர் பெயரே சூட்டப்பட்டது. 1859இல் தொடங்கிய நகர இசைக்குழு கோடையில் வியாழக்கிழமை மாலைகளில் இன்றும் பூங்காவில் வாசிக்கிறது. மடக்கு நாற்காலியுடன் குடும்பங்கள் முன்கூட்டியே வந்து இடம் பிடிக்கின்றன. நூலகம் மூன்று கட்டடங்களாக வளர்ந்து, அதன் அளவுள்ள நகரங்களின் நூலகங்களுக்கான தரவரிசையில் 1999 முதல் பல ஆண்டுகள் முதலிடம் பெற்றது. 2006இல் ‘மணி’ இதழ் வாழத் தகுந்த நகரங்களின் பட்டியலில் நேப்பர்வில்லை இரண்டாம் இடத்தில் வைத்தது.

புதிதாக வந்தவர்கள்

1960கள் வரை இவ்வூரில் வாழ்ந்தவர்கள் கிட்டத்தட்ட அனைவரும் வெள்ளையர். அது தற்செயல் அல்ல. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் கறுப்பின மக்களை ஒதுக்குவது சிகாகோப் புறநகர்களில் பரவலாக இருந்தது. அதைத் தடைசெய்த கூட்டாட்சிச் சட்டம் 1968இல்தான் வந்தது. சட்டம் வந்தபின்னும் மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. சிகாகோவில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின மக்களாக இருக்கையில், நேப்பர்வில்லில் அவர்கள் இன்றும் ஏறத்தாழ 5 சதவீதமே.

ஆசியாவிலிருந்து வந்தவர்களுக்கு வழி வேறு விதமாகத் திறந்தது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கித் திறனுக்கு இடமளித்தது. அடுத்த ஆண்டே பெல் ஆய்வகம் இங்கு திறக்கப்பட்டது. முதலில் இந்தியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் பொறியாளர்கள் சிலராக வந்தனர். 1990களில் தகவல் தொழில்நுட்பத் துறையினர் பலராக வந்தனர். 2020 கணக்கெடுப்பில் ஆசிய வம்சாவளியினர் ஊரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அவர்களில் இந்தியர்களே பெரும்பான்மை. பக்கத்து அரோராவில் 1980களின் நடுவில் எழுந்த வேங்கடேசுவரர் கோயில், நேப்பர்வில்லில் வாழும் தென்னிந்தியக் குடும்பங்களின் வார இறுதியை வடிவமைத்தது என்றால் மிகையில்லை. தமிழர்களைப் பொறுத்தவரை, 1969இல் தொடங்கிய சிகாகோ தமிழ்ச் சங்கம் இப்புறநகர்களில் பரவியுள்ள குடும்பங்களை இணைக்கிறது. அச்சங்கத்தின் பொன்விழா ஆண்டான 2019இல் பத்தாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடைபெற்றதும் சிகாகோவின் மற்றொரு புறநகரான ஷாம்பர்க்கில்தான்.

வந்தவர்களைப் பள்ளிகள் எளிதில் ஏற்றன. மனைகள் குறித்த கேள்வி எழுந்தபோது அப்படி இருக்கவில்லை. ஊரின் தென்மேற்கில் வாங்கிய நிலத்தில் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் கட்ட இசுலாமிய மையம் விண்ணப்பித்தபோது, நகரத் திட்டக் குழுவின் விசாரணை பல அமர்வுகளாக நீண்டது. போக்குவரத்து நெரிசல், கட்டடத்தின் அளவு, வாகன நிறுத்தம் ஆகியவையே எதிர்ப்பாளர்கள் முன்வைத்த காரணங்கள். அவற்றின் பின்னால் வேறு தயக்கமும் உள்ளது என்று ஆதரவாளர்கள் கருதினர். 2021 ஜனவரியில் நகர மன்றம் ஒருமனதாக ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு ஜூன் 20 இரவு ஊரின் தென்கிழக்கில் கடும் சூறாவளி வீசி வீடுகளைச் சிதைத்தது. மறுநாள் காலையில் மரக்கிளைகளை அகற்றவும் கூரைகளுக்குத் தார்ப்பாய் கட்டவும் வந்தவர்களுள் பல சமயத்தினரும் இருந்தனர்.

நிலம் தீர்ந்த பின்

2010இல் 1,41,853, 2020இல் 1,49,540. வளர்ச்சியின் வேகம் தணிந்துவிட்டதை இந்த எண்கள் காட்டுகின்றன. பிரிக்க வயல் இல்லை. எனவே பழைய தெருக்களில் சிறிய வீடுகளை வாங்கி இடித்து, அதே மனையில் மும்மடங்கு பெரிய வீடு கட்டும் போக்கு 1990களிலிருந்தே தொடர்கிறது. ஊரின் பள்ளியில் கற்பிக்கும் இளம் ஆசிரியரோ, மருத்துவமனையில் பணிபுரியும் உதவியாளரோ இங்கு வீடு வாங்குவது கடினம். எளியோருக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் 10 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் எதிர்பார்க்கிறது. 2018இல் மாநில அரசு வெளியிட்ட பட்டியலில், அந்த அளவை எட்டாத ஊர்களுள் நேப்பர்வில்லும் இருந்தது. அடுக்ககம் கட்டும் ஒவ்வொரு திட்டமும் நகர மன்றத்தில் நீண்ட விவாதத்துக்கு உள்ளாகிறது. ஊரின் இயல்பு கெட்டுவிடும் என்போர் ஒருபுறம். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளே இங்கு வாழ முடியாமல் போகிறது என்போர் மறுபுறம். முன்னவர்களில் பலர் 1990களில் சோள வயலில் எழுந்த வீட்டில் வாழ்பவர்கள்தாம்.

பழைய நிக்கல்ஸ் நூலகக் கட்டடத்தின் கதையும் இந்த நிலப்பசியோடு சேர்ந்தது. நூலகம் 1980களில் புதிய கட்டடத்துக்குச் சென்றபின் அந்தக் கட்டடம் சில காலம் தேவாலயமாக இருந்து, பின்பு கட்டுமான நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. இடித்துவிட்டுக் கடைகளும் குடியிருப்பும் கட்டத் திட்டம் வந்தது. ஊர்மக்கள் கையொப்பம் திரட்டினர். 2017இல் நகர மன்றம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 1898ஆம் ஆண்டின் கற்கட்டடம் நின்றது. அதன் பின்னால் புதிய குடியிருப்பு எழுந்தது.